அதலைக்கொடிக்குத் தண்ணீர் விட்டவர்கள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் கரிசல் கிடக்கிறது. அதில் நான் காய்கறி போடுகிறேன், என் வீட்டுக்காரர் தண்ணீர் விடுகிறார். நாலு வருஷமாக எங்களுக்குள் நடக்கிற சண்டை முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

அவர் பிறந்தது பசுவந்தனைப் பக்கம். வானம் பார்த்த காடு. மழை வந்தால் பருத்தியும் உளுந்தும் உண்டு, வராவிட்டால் அதுவும் இல்லை. அப்படி வளர்ந்த மனுஷன், ரிட்டையர் ஆன கையோடு கோவில்பட்டி ஓரத்தில் வீடு கட்டி, போர் போட்டு, குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியதைப் பார்த்தாரோ இல்லையோ, அன்றிலிருந்து கை நிற்கவில்லை. காலையில் ஒரு தடவை ரப்பர் ஓஸைப் பிடிப்பார், சாயந்திரம் ஒரு தடவை. தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே குடையைப் பிடித்தபடி கத்திரிக்குத் தண்ணீர் விட்டதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கரிசலுக்கு இது ஆகாது. ஒரு நல்ல மழையைக் குடித்துவிட்டால் இந்த மண் வாரக்கணக்கில் அதை வயிற்றில் வைத்திருக்கும். மேலே வெடித்துக் கிடந்தாலும் ஒரு முழம் கீழே ஈரம் இருக்கும். அதற்கு மேலும் ஊற்றினால் வேர் அழுகும். இவருக்குத் தெரியாததா? எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். ஆனாலும் ஓஸைக் கண்டால் எல்லாம் மறந்துவிடும். மிளகாய் அழுகியது. தக்காளி இலை மஞ்சளாகிக் கொட்டியது. சீனியவரை மட்டும் எதற்கும் அசையாமல் காய்த்துத் தள்ளியதால், புரட்டாசி முழுக்க சீனியவரைப் பொரியல், சீனியவரைக் கூட்டு, சீனியவரை வத்தல். “ஏன் தெனமும் இதையே வைக்கே?” என்று கேட்டவரும் அவரேதான்.

ஐப்பசி மழைக்குச் சுற்றுச்சுவர் ஓரமாக அதலைக்கொடி முளைத்தது. அதலையை யாரும் விதைப்பதில்லை. கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை விழுந்ததும் தானாக எழும்பி வரும். காய் சுண்டுவிரல் நுனி அளவுதான், பாகற்காய்க்குத் தங்கச்சி. பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். நான் கொடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, இந்த எல்லைக்குள் ஓஸ் வந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை என் அண்ணனிடமிருந்து போன் வந்தது. எனக்கில்லை, இவருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணத்தில், தாய்மாமன் மாலை போடுகிற நேரத்தில், பந்தலில் நின்ற பெரியவர் ஒருவர் தெரியாத்தனமாக என் பெரியம்மா மகனை முதலில் கூப்பிட்டுவிட்டார். கூடப்பிறந்த அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார். முகம் சுண்டிப்போய், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு என் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் “சௌக்கியமா?” என்பதோடு சரி. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலையாகக் கோவில்பட்டி வருகிறாராம், மத்தியானம் வீட்டுக்கும் வருகிறாராம்.

“அவிய சாப்பிடுவாவளா?” என்று கேட்டேன்.

“அத எப்படி நான் கேக்க முடியும்?” என்றார் இவர்.

அண்ணனுக்கு அதலக்காய் என்றால் உயிர். சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் பருத்திக்காட்டு வரப்பில் அலைந்து, அவர் டவுசர் பை நிறைய, நான் பாவாடை மடி நிறையப் பறித்து வருவோம். இலையில் அதலக்காயைப் பார்த்தால் அவரால் எழுந்து போக முடியாது என்று நம்பினேன். கொடியில் பிஞ்சு கொத்துக் கொத்தாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியாக இருக்கும்.

ஞாயிறு காலையில் கூடையோடு போனால், செங்கல்லுக்குள் தண்ணீர் நிற்கிறது. இலையெல்லாம் பழுத்துத் தொங்குகிறது. காயில் முக்கால்வாசி கொடியிலேயே வெடித்துக் கிடக்கிறது. வியாழனும் வெள்ளியும் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதும், சனிக்கிழமை மாவு அரைக்கப் போனபோதும், அவர் வேலையைக் காட்டியிருக்கிறார்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய?”

“மச்சான் வாராவல்லா. காய் கொஞ்சம் கொழுகொழுன்னு இருக்கட்டுமேன்னு...”

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் மார்க்கெட்டுக்கு ஓடினார். ஒரு மணி நேரம் கழித்துப் பாகற்காயோடு வந்து நின்றார். பாகற்காய்! அந்தப் பையைப் பின்வாசல் துவைகல்லில் வைத்ததோடு சரி, நான் தொடவில்லை.

வெடிக்காத காயைப் பொறுக்கியதில் ஒரு ஆளுக்குத் தேறியது. இரண்டு பக்கமும் கிள்ளி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, மிளகாய்ப்பொடி போட்டு, புளித்தண்ணீர் தெளித்துச் சுருண்டதும் இறக்கினேன்.

அண்ணன் வந்தார். “வாங்க” என்றேன். அந்தக் காலமாக இருந்தால் “வாண்ணே” என்றிருப்பேன். அவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்து, மழையைப் பற்றிப் பேசினார். இலை போட்டதும் மறுக்காமல் வந்து உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சாப்பிட்ட விதம் இருக்கிறதே! தலை நிமிரவில்லை. மறு சோறு வைக்கப் போனால் “போதும்” என்று இலைக்கு மேல் கையை விரித்தார். “நல்லாருக்கு” என்றார், ஹோட்டலில் பரிமாறுகிறவரிடம் சொல்வது போல. கை நனைத்தாயிற்று, ஆனால் என் அண்ணன் வரவில்லை, யாரோ விருந்தாளி வந்து போகிறார். இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு வெறுத்துவிட்டது.

கை கழுவப் பின்பக்கம் போனவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓஸைப் பிடித்து அதலைக்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, மச்சானைத் தடுக்கவும் முடியாமல் என்னைப் பார்த்து முழிக்கிறார்.

“ஏண்ணே! ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஒருத்தர் அழுக வச்சது பத்தாதுன்னு நீ வேறயா? கீழ போடு அத!”

கத்தி முடித்த பிறகுதான் என்ன பேசினேன் என்று எனக்கே உறைத்தது.

அண்ணன் ஓஸைக் கீழே போடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏட்டி, சும்மா கத்தாத. செடி வாடிப்போய்க் கெடக்கு, கண்ணு தெரியலையா ஒனக்கு?” என்றார். பிறகு துவைகல்லில் கிடந்த பையைத் தாடையால் காட்டினார். “ராத்திரிக்கு அந்தப் பாவக்காய வையி. அதலக்காயிலதான் உப்பப் போட மறந்துட்ட, இதுலயாவது போட்டு வையி.”

நான் பாகற்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழாயை மூடவில்லை.