மரம் கட்டத் தெரிந்தவர்

1974 ஐப்பசி. செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து இருசப்பனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டுமான கம்பெனி ஷெட்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர், இரண்டு தரம் விலகிப்போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். காற்று வாடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இனி தை வரைக்கும் கடலை நம்ப முடியாது. இன்றைய வேலை டெஸ்டில் தேறினால் மாதச் சம்பளம். இல்லையென்றால் வீட்டில் ஐந்து பேர் பட்டினி.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. முப்பத்தெட்டு வயதில்தான் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து பெயரெழுதப் படித்தார். விண்ணப்பத்தை நிரப்பித் தந்ததும் அந்த வகுப்பு டீச்சர் வச்சலாதான். கல்வித் தகுதிக்கு நேரே கோடு இழுத்துவிட்டு, என்ன வேலை தெரியும் என்று கேட்டார்.

"மரம் கட்டுவேன். இருவது வருசமா."

டீச்சர் அப்படியே எழுதினார்.

குப்பத்தில் மரம் என்றால் கட்டுமரம். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்குவதும், கரை சேர்ந்ததும் பிரித்துக் காயப்போடுவதும் அன்றாடப் பாடு. கம்பெனி குமாஸ்தாவுக்கு அது தெரியாது. தச்சர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார்.

ஆகவே இருசப்பன் கைக்கு ஓர் உளியும் இரண்டு சட்டங்களும் வந்தன. ஒரு மணி நேரத்தில் சட்டங்களை அசையாமல் பொருத்த வேண்டும். சுற்றிலும் உளியை அடிக்கும் கொட்டாப்புளிச் சத்தம். இருசப்பன் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்தார், உட்கார்ந்தார். கடைசியில் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை உருவினார். சட்டங்களைக் குறுக்கே வைத்து, கால் கட்டைவிரலால் அழுத்தி, பத்தே நிமிஷத்தில் கட்டி முடித்தார்.

டெஸ்ட் வைத்த ஃபோர்மேன் நரசிம்மன் வந்து நின்றார்.

"இன்னாய்யா, பாடை கட்டிகினு கீற?"

"பாடைன்னா ஆடும் சார். இத்த ஆட்டிப் பாருங்க."

நரசிம்மன் ஆட்டினார். ஏறி நின்றார். இரண்டு தச்சர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொன்னார். கட்டு அசையவில்லை. எங்கே படித்தாய் என்று கேட்டார். நனைந்தால் இறுகுகிற மாதிரி கட்டாவிட்டால் நடுக்கடலில் மரம் பிரிந்துவிடும் என்று மட்டும் சொன்னார் இருசப்பன்.

நரசிம்மன் தாளில் 'தச்சர்' என்பதை அடித்துவிட்டு, பாரம் தூக்கக் கயிறு கட்டும் 'கலாசி' என்று எழுதினார். திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். கட்டிய சட்டங்களை மட்டும் மற்ற கலாசிகளுக்குக் காட்ட அப்படியே விட்டுப் போகச் சொன்னார்.

இருசப்பன் அதற்குள் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்.

"கயிறு வேணும் சார். வெடிகாலைல மரம் கட்டணும்."

பக்கத்து மேஜையில் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கி, எந்த மரம் என்று கேட்டார்.