ரேவதிக்குக் கிடைக்காத சான்றிதழ்

பகல் பதினொரு மணி தாண்டியதும் இந்தத் தொழிற்சாலையில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து "மால்ட்ஸைட்" என்றார்கள். நான் படித்திருந்த ஜெர்மனில் அதற்குச் சாப்பாட்டு நேரம் என்று பொருள். ஊரில் "சாப்ட்டியா?" என்று கேட்கிற மாதிரிதான் போலிருக்கிறது என்று நினைத்து, முதல் நாள் ஒவ்வொருவரிடமும் நின்று, "இன்னும் இல்லை, பன்னிரண்டரைக்குத்தான்" என்று பதில் சொன்னேன். கழிவறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடமும் சொன்னேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். என் மேற்பார்வையாளர் பிர்கிட் சிரித்துவிட்டு, அது கேள்வியே இல்லை, மதிய வணக்கம், திருப்பி அதையே சொன்னால் போதும் என்றார். அன்றிலிருந்து நானும் அப்படியே சொல்கிறேன். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் சில நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆரணியிலிருந்து இங்கே எம்.எஸ். படிக்க வந்து இது இரண்டாவது கோடை. ஜூலையில் தேர்வு முடிந்தால் எங்கள் விடுதி காலியாகிவிடும். வசதிப்பட்டவர்கள் விமானம் ஏறி அவரவர் ஊருக்குப் போவார்கள். மற்றவர்கள் எங்காவது ஒரு கம்பெனியில் "ப்ராக்டிகும்" செய்வார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் என்கிறோமே, அதேதான். எனக்குக் கிடைத்தது, பேக்கரிகளுக்கு மாவு வெட்டும் இயந்திரம் தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்சாலை. தயாரான இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் வேலை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். மூடி திறந்திருந்தால் கத்தி சுழலாது. அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்சின் மேல் யாரோ சின்னக் காந்தத்தை ஒட்டி, மூடி மூடியிருப்பதாக இயந்திரத்தை நம்பவைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கே அதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் என் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் அந்தப் பக்கம் வந்த பிர்கிட் பார்த்த உடனே இயந்திரத்தை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டார். ஒரு டெக்னீஷியன், "நான்தான் வைத்தேன், அவசரத்தில் வைத்தேன்" என்றார். பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். குரல்கூட உயரவில்லை. பிறகு பிர்கிட் என்னைத் தனியாகக் கேட்டார்.

"நீங்கள் இதைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். காலையிலிருந்து."

"ஏன் சொல்லவில்லை?"

"பிரச்சினை பண்ண வேண்டாம் என்று நினைத்தேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. என் ஜெர்மன்தான் தப்பு என்று எண்ணி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். "பிரச்சினை அங்கே ஏற்கெனவே இருந்ததே" என்றார். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே புரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரல். பார்த்தாயா என்கிற கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது இவர் இல்லை.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடிந்த மே மாதம். நான்கு வாரம் கம்பெனிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் மதிப்பெண். நானும் ரேவதியும் செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தோம். ரேவதி என் வகுப்பு. சேவூரில் வீடு. அப்பா அம்மா இருவரும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். காலை ஐந்தரைக்கு ஆரணியில் கம்பெனி பஸ். அவள் அப்பா மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். செய்யார் போய்ச் சேரும்வரை ஒரே போனில் ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு ஜெர்மன் பாடம் கேட்போம். படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருந்தோம். உச்சரிப்பு எனக்கு வராது. அவளுக்குச் சட்டென்று வரும். "தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி சொல்லணும்டி, அவ்ளோதான்" என்று எனக்குச் சொல்லித் தருவாள். முன் சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எங்களை பிரஸ் செக்‌ஷனில் போட்டிருந்தார்கள். அங்கே மலர் என்று ஒரு பெண், தேசூர்க்காரி, காண்ட்ராக்டில் வேலை. எங்களைவிட ஒரு வயது சின்னவள். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மலரின் மிஷினில் ஒரு பட்டனை அழுத்தின வாக்கில் கறுப்பு டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். அப்படிச் செய்தால் ஒரு கை மிச்சமாகும், உருப்படி அதிகம் வரும். மூன்று நாள் அந்த டேப்பை நாங்கள் இருவரும் பார்த்தோம். நான்காம் நாள் காலை மலரின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவள் கத்தக்கூட இல்லை. கையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். ரேவதிதான் ஓடிப்போய் தன் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஹெச்.ஆர். அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் டைப் அடித்த காகிதம். "இரண்டு பட்டன்களும் சரியாக இயங்கின. தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்." கீழே எங்கள் இருவர் பெயர். அந்த அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார்.

"மா, நீங்க படிக்கிற புள்ளைங்க. நாளைக்கு நாலு எடத்துக்குப் போவணும். ஜல்தியா ஒரு கையெழுத்த போட்டுட்டு கெளம்புங்க. பேஜார் இல்லாம முடிச்சிக்கலாம்."

ரேவதி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "பவி, டேப்பு ஒட்டியிருந்துது இல்ல? நீயும் பாத்த இல்ல?"

"நான் சரியா கவனிக்கலடி" என்றேன்.

அவள் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தன் கையால் எழுதினாள். டேப் எந்தப் பட்டனில் இருந்தது, எத்தனை நாள் இருந்தது, யார் ஒட்டச் சொன்னது, எல்லாம். நான் வேறொரு பிரதியில் கையெழுத்துப் போட்டேன். அவளை அப்போதே கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். என்னை ஷிப்ட் முடிய இருக்கச் சொன்னார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், கூடவே ஒரு பரிந்துரைக் கடிதமும். ரேவதிக்கு இரண்டும் இல்லை. "ஒன்னால இனிமே அந்தக் கம்பெனி நம்ம காலேஜ் பக்கமே வராதும்மா" என்று துறைத் தலைவர் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் அவளைச் சொன்னார். நான் நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த கோடையில் வேறு இடத்தில் மறுபடியும் பயிற்சி முடித்த பிறகுதான் அவளுக்கு டிகிரி கையில் வந்தது. அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. ஜெர்மனிக்கு நான் அந்தப் பரிந்துரைக் கடிதத்தை வைத்து விண்ணப்பித்தேன். கிளம்பும் நாளில் "போய்ட்டு வரேன்டி" என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

பிர்கிட் கேட்ட அன்று மதிய இடைவேளையில், தொழிற்சாலைக்குப் பின்னால் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு ரேவதிக்குப் போன் செய்தேன். ஆரணியில் அப்போது பிற்பகல். அவள் ஒரு மொபைல் ஷோரூமில் வேலை செய்வதாக வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள்.

"யாரு?"

"நான்தான்டி. பவி."

பின்னால் ஏதோ ரிங்டோன்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும் சத்தம். "ம். சொல்லு."

நான் பார்த்ததையும், பார்க்கவில்லை என்று சொன்னதையும், அந்தக் கடிதத்தை வைத்துத்தான் இங்கே வந்ததையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழுகையில் பாதி வார்த்தை விழுந்துவிட்டது.

"முடிஞ்சி போச்சி, வுடு" என்றாள். "நீ பயந்துட்ட. எனக்குந்தான் பயமா இருந்துது. மலருக்குக் கல்யாணம் ஆயிடுச்சி, தெரியுமா? போன மாசம் போயி பாத்துட்டு வந்தேன். எடது கையால எழுதப் பழகிகினா. கம்பெனி விசாரணையில நம்ம ரெண்டு பேரு பேப்பரும் ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சின்னு மூடிட்டாங்களாம்."

மலரைப் பற்றி நான் இந்த மூன்று வருடத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. அதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "என்மேல கோவமாடி?" என்றுதான் கேட்டேன்.

"கையெழுத்துக்குக் கோவம் இல்ல பவி" என்றாள். "அன்னிக்கி கேட்டாண்ட ஒரு மணி நேரம் வெயில்ல நின்னுகினு இருந்தேன். ஷிப்ட் வுட்டு பஸ்ஸு வந்துது. ஏறி எப்பவும் உக்கார்ற சீட்ல உக்காந்து, ஒனக்குப் பைய வெச்சி எடம் போட்டேன். நீ ஏறின. என்னப் பாத்த. பாத்துட்டு முன்னால டிரைவர் பக்கத்துல போயி உக்காந்துட்ட. ஆரணி வர்ற வரைக்கும் அந்த எடம் காலியாவே வந்துது. நான் ஒனக்கு இன்னாடி பண்ணேன்?"

எனக்கு அது மறந்தே போயிருந்தது. சத்தியமாக மறந்திருந்தேன். கையெழுத்தைப் பற்றி எத்தனையோ நாள் தூங்காமல் புரண்டிருக்கிறேன். அந்தச் சீட் ஒரு நாள்கூட என் நினைவில் வரவில்லை.

"நீ நல்லா இருக்கணும்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். "ஆனா இனிமே போன் பண்ணாத. ஒன் கொரல் கேட்டா எனக்கு ரெண்டு நாளு வேல ஓடாது." அவள் போனை உடனே வைக்கவில்லை. "வாங்க சார், இன்னா மாடல் பாக்கறீங்க?" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. நன்றாக, தெளிவாக, சிரிப்போடு சொன்னாள். அப்புறம் இணைப்பு நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கல்லூரிக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ரேவதி எழுதியதுதான் உண்மை, என் கையெழுத்துப் பொய், டேப்பை நானும் பார்த்தேன் என்று. கம்பெனியிலிருந்து பதில் இல்லை. கல்லூரியிலிருந்து இரண்டு வரி வந்தது: மாணவிக்கு மதிப்பெண் வழங்கப்பட்டுவிட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லை. ஆனால் விஷயம் துறைத் தலைவர் வழியாக என் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா கூப்பிட்டார். ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறவர். சாதாரணமாக என்னிடம் குரலை உயர்த்தாதவர்.

"ஏம்மா, அங்க உக்காந்துகினு எதுக்கு இதெல்லாம் கிளறிகினு இருக்க? ஒங்க அத்த பையன் அந்தக் கம்பெனியிலதான வேல பாக்கறான்? அவன் நெலம இன்னா ஆவும்? நாங்க இந்த ஊர்ல நடமாட வாணாமா?"

"ரேவதிக்கு ஒரு வருஷம் போச்சிப்பா."

"அவங்க யாரு, நாம யாரு? அது எப்பவோ முடிஞ்சிது. இந்த லீவுக்கு வராத. கொஞ்சம் ஆறட்டும்."

ஆகஸ்ட் கடைசிக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன்.

பயிற்சி முடிந்த நாளில் பிர்கிட் என் சான்றிதழைக் கொடுத்தார். அதை "ட்ஸொய்க்னிஸ்" என்பார்கள். பயிற்சி செய்தவர் கேட்டால் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும், அது உங்கள் உரிமை என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஜெர்மனில் சாட்சிக்கான சொல்லும் அதே வேரிலிருந்துதான் வருகிறதாம். நம் சான்றிதழுக்குள்ளும் சான்று இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. கவனமாக வேலை செய்கிறார், நம்பலாம் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில், தான் காண்பதை இன்னும் தயங்காமல் வெளியே சொல்லப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தார். "இது குறை இல்லை, வளர்வதற்கான யோசனை" என்றார். "எங்கள் கம்பெனியைப் பற்றி உங்களுக்கு ஏதாவது விமர்சனம்?" என்றும் கேட்டார். ஒன்றும் இல்லை, எல்லாம் நன்றாக இருந்தது என்றேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஊரில் நான் வாயைத் திறந்தவள். இங்கே வாயைத் திறக்காதவள். பிர்கிட்டுக்கு அதை விளக்க என் ஜெர்மன் போதவில்லை. அப்பாவுக்கு விளக்கத் தமிழும் போதவில்லை.

இப்போது விடுதியில் எங்கள் மாடியில் நான் மட்டும்தான் இருக்கிறேன். நேற்றுக் காலை ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், கையில் ஒரு பட்டியலோடு வந்து கதவைத் தட்டினார். விடுமுறையில் யார் யார் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று குறித்துக்கொண்டு வருகிறார். என் பெயரைச் சிரமப்பட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "டா? ஓடர் வெக்?" என்றார். நம் ஊரில் கூடப்பிறந்தவனைக் கூப்பிடுவதுபோல் ஒலிக்கிற அந்த "டா"வுக்கு இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். "ஓடர்" என்றால் அல்லது, "வெக்" என்றால் போய்விட்டேன். சின்னக் கேள்விதான். முதல் வகுப்பில் படித்த சொற்கள்தான். அவருக்கு முன்னால், என் அறை வாசலில், செருப்புப் போடாத காலோடு நின்றுகொண்டிருக்கிறேன். ஆனாலும் வாயில் இரண்டு சொல்லும் வரவில்லை. அவர் பென்சிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார். மொழி தெரியாத பெண் என்று நினைத்திருக்க வேண்டும். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, தலையை அசைத்து விடைபெற்று, அடுத்த அறைக்குப் போய்த் தட்டினார். அங்கே யாரும் இல்லை.