விருந்தாளிக்குப் போட்ட வெள்ளைக்கோடு

எங்கள் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். தேனியிலிருந்து கம்பம் போகும் வழியில், இரண்டு பக்கமும் மலை தெரியும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரூராட்சியில் சுகாதாரப் பிரிவு என் பொறுப்பு. அதாவது, யார் எதைத் தெருவில் போட்டாலும் திட்டு எனக்குத்தான்.

குப்பைக் கிடங்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. நாங்கள் வீடு கட்டியபோது அது வெறும் கரடு. பிறகு ஊர் வளர்ந்தது. குப்பை அதைவிட வேகமாக வளர்ந்தது. மார்க்கெட்டின் வாழைமட்டையும் அழுகின திராட்சையும் கோஸ் இலையும் பிளாஸ்டிக்கோடு கலந்து உள்ளே அழுகி, வாயு சேர்ந்து, கோடையில் தானாகவே புகையும். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். புகை வரும் நாட்களில் அவருக்கு இழுப்பு வந்துவிடும். அவர் மூச்சு விடும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். ஒன்று புகை நிற்க வேண்டும், இல்லையென்றால் வீடு மாற வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாறுவதென்றால் இந்த வீட்டை விற்றாக வேண்டும். புகைக்குள் இருக்கும் வீட்டை எந்தப் புண்ணியவான் வாங்குவான்?

அந்தச் சமயத்தில்தான் உலகம் எங்கள் ஊருக்கு வந்தது. பூமி சூடாவதைக் குறைக்கப் போகிறோம் என்று நாட்டுத் தலைவர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வதை டி.வி.யில் பார்த்துக் கிண்டல் அடித்தவள் நான். அவர்கள் எங்கேயோ கைகுலுக்கினால் எங்கள் மார்க்கெட் நாற்றம் போய்விடுமா? ஆனால் அந்தக் கைகுலுக்கலுக்குக் கீழே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அரசாங்கமும் அரசாங்கமும் பேசி முடித்த பிறகு, ஊரும் ஊரும் நேராகப் பேசிக்கொள்ளலாம். குளிர்கடல் ஓரத்துத் துறைமுக நகரம் ஒன்று எங்களுக்கு ஜோடியாக வந்தது. வேறு பல நாட்டு ஊர்களும் அதே குழுவில். அந்த நகரத்தில் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து பஸ் ஓட்டுகிறார்களாம். அழுகும் குப்பையிலிருந்து கிளம்பும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். அதையே பிடித்து எரித்துவிட்டால் அவர்களுக்கு உலகச் சூடு குறையும். எங்களுக்குப் புகை குறையும். முதலில் சின்னத் தொட்டி ஒன்று வைத்து அடுப்பை எரித்துக் காட்டுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம், பிறகு கிடங்கில் பெரிய ஆலை என்றார்கள்.

"ஏ புள்ள, உலகத்தையே காப்பாத்தப் போறவுக, அப்படியே அந்த ஃபேனக் கொஞ்சம் அமத்திட்டுப் போறது?" என்றார் என் கணவர். அமர்த்தினேன். இரண்டு நிமிடத்தில் அவரே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டார்.

மார்க்கெட்டின் பின்புறம் தொட்டியை வைத்தோம். சாணிக் கரைசலை ஊற்றி, தினமும் நறுக்கின கழிவைப் போட்டு வந்தோம். துப்புரவு மேஸ்திரி அனுமந்தன்பட்டிக்காரர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முதல் முறை அடுப்பு நீலமாக எரிந்தபோது சிலுவை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டை விற்கும் பேச்சைத் தள்ளிப் போடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன்.

அப்புறம் விருந்தாளிகள் வரும் செய்தி வந்தது. துறைமுக நகரத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர், டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி. நம் ஊர்களில் பெரியவர் ஒருவர் வந்தால் என்ன செய்வோம்? சாலையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக்கோடு. அமைச்சர் வந்தாலும் கோடுதான், கலெக்டர் வந்தாலும் கோடுதான். நான் சாப்பாட்டு ஏற்பாட்டுக்காகத் தேனிக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், நம்மவர்கள் சாலைக்குப் போட்டார்கள், சாக்கடைக்குப் போட்டார்கள். கை நிற்கவில்லை. கழிவுக் குவியலுக்கும் போட்டார்கள். அந்தக் கழிவுதான் தினமும் தொட்டிக்குள் போனது.

விருந்தாளிகள் வந்தார்கள். பொன்னாடை போர்த்தினோம், பன்னீர் திராட்சை கொடுத்தோம். பிறகு மேஸ்திரி அடுப்பைத் திருகிக் குச்சியை உரசினார். எரியவில்லை. இன்னொரு குச்சி. எரியவில்லை. தீப்பெட்டியே காலியாகும் போலிருந்தது. டெல்லி அதிகாரி என் காதருகே குனிந்து, வால்வில் சின்னப் பழுது என்று சொல்லிவிடலாம், அதிகம் விளக்க வேண்டாம் என்றார்.

பொறியாளர் அம்மா எதையும் கேட்காமல் கழிவுக் குவியல் அருகே போய்க் குனிந்தார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார். இது என்ன என்று என்னைக் கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். பழுது என்று சொன்னால் ஒருவேளை ஆலை வந்துவிடலாம். ஆனால் பழுது என்று சொல்லி வருகிற ஆலைக்கும் இதே கைகள்தானே பவுடர் போடும்? எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "கிருமிநாசினி. தொட்டிக்குள் வாயு உண்டாக்கும் கிருமிகளை நாங்களே கொன்றுவிட்டோம்" என்று சொல்லிவிட்டேன்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது என்னவென்று மேஸ்திரிக்கு என் முகத்திலேயே புரிந்திருக்க வேண்டும். முன்னால் வந்தார். "நாந்தான் போடச் சொன்னேன்னு சொல்லுங்கம்மா. இம்புட்டுத் தூரத்துல இருந்து வாறாக, இங்கன வந்து ஒரு ஈ மொச்சாக்கூட நமக்குல்ல அசிங்கம்!"

மொழிபெயர்த்தேன். அந்த அம்மா பக்கத்திலிருந்த தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் நகரத்திலும் ஆலைத் திறப்புக்கு மேயர் வருகிறார் என்று குழாய், தொட்டி எல்லாவற்றையும் வாசனைச் சோப்புப் போட்டுக் கழுவினார்களாம். மேயர் தலையில் நுரைதான் பொங்கி விழுந்ததாம். அதை யாருக்கும் சொல்லாமல் மறைத்தார்களாம். அடுத்த வருடம் அவர்களுக்கு ஜோடியான வேறொரு நாட்டு ஊர் அச்சு அசலாக அதையே செய்ததாம். "அந்த ஊருக்கு நாங்கள் தந்தது மிஷின் மட்டும்தான். நாங்கள் பட்ட அவமானத்தையும் தந்திருக்கலாம்" என்றார். டெல்லி அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாகத் தன் செருப்பில் ஒட்டுவது என்ன பவுடர் என்று தான் கேட்டதே இல்லை என்றார்.

சிரித்தார்கள் என்பதற்காக ஆலை வந்துவிடவில்லை. மறுபடி எரியட்டும், வீடியோவில் பார்த்து முடிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரமே கிடங்கு புகைந்தது. என் கணவர் கட்டிலில் படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தபடி கிடந்தார். வீட்டுத் தரகருக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன், அதில் என்ன வெட்கம்?

மேஸ்திரி தொட்டியைக் காலி செய்து கழுவினார். வயலில் கிடை போட்டிருந்த மலைமாடுகளின் சாணத்தை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கரைத்து ஊற்றினார். வாரங்கள் போயின. ஒரு காலையில் அடுப்பு பிடித்துக்கொண்டது. வீடியோவில் அந்த அம்மாவும், குழுவிலிருந்த மற்ற ஊர்க்காரர்களும் கைதட்டினார்கள். ஆப்பிரிக்காவில் ஓர் ஊர். அங்கேயும் அடுத்த மாதம் ஓர் அமைச்சர் வருகிறாராம், நாங்கள் என்ன செய்யக் கூடாது என்று கேட்டார்கள். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாலையோட நிப்பாட்டிக்கிருங்க. தொட்டிப் பக்கம் மட்டும் போயிராதீக." நான் மொழிபெயர்த்தேன். அந்த ஊர்க்காரர் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பெரிய ஆலை வந்தது. அதனால் உலகம் குளிர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சித்திரை வெயில் இன்னும் மண்டையைப் பிளக்கிறது. மழை அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. ஆனால் மார்க்கெட் கழிவு இப்போது கிடங்கு மேட்டுக்குப் போவதில்லை. போன கோடையில் இரண்டே தடவைதான் புகைந்தது. இந்தக் கோடையில் இன்னும் இல்லை. வீடு விற்பனைக்கு இல்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீடு என்னவோ போல இருந்தது. குழாயை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஈரக்கையோடு ஓடினேன். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். சூடாக, சீராக மூச்சு வந்தது. அவ்வளவு மெதுவாக அவர் மூச்சு விட்டு நான் கேட்டதே இல்லை.

கண்ணைத் திறந்தார். "என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல, தூங்குங்க."