முப்பத்தெட்டாம் அளவுச் சப்பாத்து

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குத்தான் எல்லாம் பிழையாகிப் போகத் தொடங்கியது. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில், காசு கட்டும் மேசைக்கு மேலே ஒரு மணிக்கூடு இருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர். பொழுது போகாமல் அந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றதால் நேரம் மனதில் பதிந்துவிட்டது. கண்ணை இறக்கி வெளியே பார்த்தபோது, கடை முதலாளியின் சாம்பல் நிற வான் வண்டியிலிருந்து என் மகள் இறங்கினாள். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி.

அவளுக்குப் பதினேழு வயது. அந்த நேரம் லெ பிளாங்-மெனில் மைதானத்தில் உதைபந்தாட்டப் பயிற்சியில் நிற்க வேண்டியவள். என்னைக் காணாமலே மெட்ரோப் பக்கம் நடந்து போய்விட்டாள். முதலாளி சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணை, இப்ப உங்கடை வானாலை இறங்கினது என்ரை பிள்ளையெல்லோ?"

"உங்கடை பிள்ளையோ? எனக்கென்னெண்டு தெரியும், தங்கச்சி? ரோட்டிலை எத்தினை பிள்ளையள் போகுது." பிறகு மேசையில் நின்றவரிடம், "தங்கச்சிக்குக் கருவேப்பிலை காசில்லாமல் போட்டுவிடும்" என்றார்.

ஒரு பொய்யும் ஒரு பிடி கருவேப்பிலையும் ஒரே மூச்சில் வந்தன. கடையின் பின்பக்கத்தில் என் தம்பி அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தக் கடையில்தான் வேலை. என்னைப் பார்த்தான், உடனே குனிந்துகொண்டான்.

அன்று என் மனதில் என்ன ஓடியது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முதலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல். மனைவி, பிள்ளைகள் உண்டு. இரண்டு கிழமை என் மகளைக் கள்ளியைப் போலக் கண்காணித்தேன். பள்ளிப் பையைக் கிண்டினேன். அவள் குளிக்கும்போது தொலைபேசியைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒருநாள் அவள் பின்னாலேயே ரயிலேறி, மைதானத்து வேலிக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். அவள் ஓடினாள், பந்தை உதைத்தாள், தண்ணீர் குடித்தாள். வேறொன்றும் இல்லை. இல்லை என்பதே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. என் கணவருக்குக் கிழமைக் கடைசியிலும் உணவகத்தில் வேலை என்பதால் வீட்டில் சொல்லி ஆறவும் ஆள் இல்லை.

கடைசியில் கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி அகப்பட்டது. உள்ளே விலையான உதைபந்தாட்டச் சப்பாத்து. அளவு முப்பத்தெட்டு. நான் அவளுக்கு எப்போதும் முப்பத்தேழுதான் வாங்குவேன். போட்டுப் பார்க்கச் சொன்னேன். கச்சிதமாக இருந்தது. என் பிள்ளையின் கால் வளர்ந்ததை எனக்கு முன்பே இன்னொருவர் அறிந்திருக்கிறார்.

பெட்டிக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாக ஒரு மேற்சட்டை. அதில் நான் படிக்காத ஒரு கல்லூரியின் பெயர்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒவ்வொரு கோடையிலும் இங்கே உதைபந்தாட்டப் போட்டி வைக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகள், கண்ணாலும் காணாத பள்ளிக்கூடங்களுக்காக வியர்வை சிந்துவார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: விளையாடும் பிள்ளையின் தாயோ தகப்பனோ அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் காசுள்ள சங்கம் பிரெஞ்சுக் கழகங்களிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்துவிடும். ஒரு வருடம் மூன்று போர்த்துக்கல் பெடியன்கள் எங்கள் கோயிலடி ஆட்கள் என்று இறங்கிய கதையை இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டாயிரத்துப் பதினெட்டில் முதன்முதலாகப் பெண்பிள்ளைகளுக்கும் போட்டி என்றார்கள். என் கல்லூரி தன் அணியில் என் மகளைக் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்கூட இருந்தது.

மகளைக் கூப்பிட்டு இருத்தினேன்.

"ஆர் வாங்கித் தந்தது?"

"ஸே பூர் லெ மாட்ச், மாமோன்."

"மாட்சுக்கு எண்டு எனக்கும் விளங்குது. தமிழிலை சொல்லு."

"கிளப் தந்தது. எல்லாருக்கும் குடுக்கினம்."

"எல்லாருக்குமோ?"

நகத்தைப் பார்த்தாள். "எனக்கும் கோல்கீப்பருக்கும்."

"உது எங்கடை பள்ளிக்கூடம் இல்லையே பிள்ளை."

"நீங்கள்தானே சைன் வைச்சது!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெப்ரவரியில் ஒருநாள், அரிசி மூட்டைக்கு மேல் வைத்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பழைய மாணவர் மலருக்கு விவரம் எடுக்கிறோம் என்று முதலாளி சொன்னார். அவர் அந்தக் கல்லூரிச் சங்கத்தின் பொருளாளர். "இடம்பெயர்ந்த நேரம் நீங்கள் எங்கடையிலைதானே படிச்சனீங்கள் தங்கச்சி?" "ஓம் அண்ணை, ஒரு ஆறு மாசம்." அவ்வளவுதான் கதை.

தொண்ணூற்றைந்தில் சண்டை வந்தபோது வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் கல்லூரியும் எங்களோடு வந்து, அவர்களுடைய கட்டடத்தில் பின்னேரம் இயங்கியது. காலையில் அவர்கள் படிப்பார்கள். மத்தியானம் அவர்கள் போனபின் நாங்கள் அதே வாங்குப் பலகைகளில் போய் இருப்போம். ஆனால் எங்கள் ஆசிரியர்கள், எங்கள் வரவு இடாப்பு, பெயர் கூப்பிடுவதும் எங்கள் அதிபர். காலையில் என் இடத்தில் இருந்தவள் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. மேசைக்குள் எனக்கென்று ஒரு பென்சில் துண்டு விட்டுப் போவாள். அந்த ஆறு மாதத்தைத்தான் நான் "படித்தேன்" என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அன்று மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி அப்படியே நின்றுவிட்டது. படிவத்தில் கையெழுத்து வைத்த அதே கிழமைதான் தம்பிக்குக் கொந்திரா கிடைத்தது.

தம்பி இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம். அகதி வழக்கு இரண்டு முறை தள்ளுபடி. விசா இல்லாமல், கையில் தரும் காசுக்கு மூட்டை தூக்கினான். வேலை ஒப்பந்தத்தைத்தான் இங்கே எல்லோரும் கொந்திரா என்கிறோம். அதுவும் மாதாமாதம் சம்பளத் துண்டும், முதலாளி கையெழுத்திட்ட படிவமும் இருந்தால், பிரெபெக்தூர் அலுவலகத்தில் விசாவுக்குப் போடலாம். விசா இல்லாதவனுக்குக் கொந்திரா எழுதுவது முதலாளிக்கும் ஆபத்து. எட்டு வருடம் மாட்டேன் என்றவர் பெப்ரவரியில் எப்படி மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். செப்டம்பரில் அவனுக்கு பிரெபெக்தூரில் சந்திப்பு.

அடுத்த நாளே போய் அவனைப் பிடித்தேன். "தம்பி, உனக்கு ஏன் கொந்திரா தந்தவங்கள் எண்டு தெரியுமோ?"

மூட்டையை இறக்கிவைத்தான். "அக்கா, செப்டம்பர் வரைக்கும் ஒண்டும் கேளாதை."

"அப்ப உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீயும் போ, மீன் வெட்டுறவன் பாக்கிறான்."

முதலாளியிடம் போனேன். இம்முறை அவர் மறைக்கவில்லை.

"தங்கச்சி, நான் ஆரையும் காசு குடுத்து வாங்கேல்லை. பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை, வாங்கிக் குடுத்தன். தம்பிக்கு விசா இல்லை, உதவி செய்தன். இதிலை என்ன பிழை?"

"என்ரை கையெழுத்தும் தம்பியின்ரை கொந்திராவும் ஒரே கிழமையிலை வந்ததுதான் பிழை அண்ணை. பிள்ளையைத் தெரியாது எண்டும் சொன்னனீங்கள்."

"வரிசையிலை நாலு பேர் நிண்டவை. அதிலை ஒருத்தி உங்கடை கல்லூரி ஆள். கத்தச் சொல்லுறீங்களோ?" சிரித்தார். "நீங்கள் ஆறு மாசம் எங்கடை வாங்கிலை இருந்து படிச்சனீங்கள். வாங்கு சும்மா வந்ததோ?"

அதன்பிறகு நான் ஒருவரையும் நம்பவில்லை. கடையில் யாராவது "பிள்ளை எப்படி?" என்றால், எதற்குக் கேட்கிறார் என்று யோசிப்பேன். மகளிடம் தம்பியின் கொந்திராவைப் பற்றிச் சொல்லவும் இல்லை. சொன்னால் விளையாடமாட்டாள் என்ற பயம். சொல்லாவிட்டால், தெரியாமலே மாமனின் விசாவைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவாள். செப்டம்பர் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவெடுத்தேன்.

ஜூலையில், ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஒலிபெருக்கியில் பழைய பாட்டு, எண்ணெயில் பொரியும் ரோல்ஸ் வாசம், குடையோடு தாய்மார். முதலாளி கடை சார்பில் கொத்துரொட்டிக் கூடாரம் போட்டிருந்தார். தம்பிதான் கொத்திக்கொண்டு நின்றான். என் மகள் முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து நான்கு கோல் போட்டாள். அதில் ஒன்று பெனால்ட்டி. பந்தை வைத்துவிட்டு ஒருகணம் என்னைப் பார்த்துத்தான் அடித்தாள். கைதட்டப் போன கையை மடக்கிக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது என் கல்லூரி. நான்கு மணிக்கு ஆட்டம். மூன்றரைக்கு ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. ஒன்பதாம் இலக்க வீராங்கனையின் தாயார் நடுவர் கூடாரத்துக்கு வரவும் என்றார்கள். என் மகளின் இலக்கம்.

உள்ளே என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் நின்றாள். எங்கள் சங்கத்துச் செயலாளர் அவள்தான். முறைப்பாடு கொடுத்ததும் அவள்தான். முதலாளி என் கையெழுத்துப் படிவத்தை மேசையில் விரித்திருந்தார். நடுவர்களில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, நீட்டி முழக்காமல் சொல்லும். இவையின்ரை கல்லூரியிலை படிச்சனீரோ, இல்லையோ?"

"அதுதான் கையெழுத்துக் கிடக்கெல்லோ!" என்றார் முதலாளி.

"அவ எனக்குப் பக்கத்திலை இருந்தவ" என்றாள் என் வகுப்புக்காரி. "கணக்குப் பாடத்திலை என்ரை கொப்பியைப் பாத்து எழுதினவ!"

இரண்டொருவர் சிரித்தார்கள். நான் ஓம் என்று சொல்லத்தான் போனேன். அதை இன்றைக்கும் மறைக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் கொத்துத் தகடுகளின் சத்தம் நின்றிருந்தது. தம்பி கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. முதலாளி என்னை நேராகப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க, "ஆறு மாசம் எங்கடை வாங்கு, தங்கச்சி" என்றார்.

அந்தச் சொல்தானா, மேசைக்குள் கிடந்த பென்சில் துண்டுகளா, மகளின் சப்பாத்தா, எது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. "வாங்கு அவையின்ரை. இடாப்பு எங்கடை" என்றேன். "என்ரை பேர் அவையின்ரை இடாப்பிலை இல்லை. விடுகைப் பத்திரமும் எங்கடை கல்லூரி தந்ததுதான்."

கொத்துச் சத்தம் திரும்பத் தொடங்கியது. முன்னையதைவிட வேகமாக.

நடுவர்கள் முதலாளியின் அணியை நீக்கினார்கள். கிண்ணம் விளையாடாமலே என் கல்லூரிக்குப் போனது. விளையாட நின்ற எங்கள் பிள்ளைகள் கிண்ணத்தை வாங்க முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்கள். வகுப்புக்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள். காதுக்குள் சொன்னாள்: "அடுத்த வருசம் பிள்ளை எங்களுக்கு, என்ன? தம்பியின்ரை அலுவலையும் பாப்பம். என்ரை மனுசன்ரை கடையிலும் ஆள் தேவை."

தம்பியின் அலுவல் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. கையை விலக்கிக்கொண்டேன்.

மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிலையம் வரை நடந்தாள். அதன் அடிமுனைகள் தார்ச்சாலையில் டக்டக் என்று அடித்தன. நான் பத்தடி பின்னால். ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். கொந்திரா, கையெழுத்து, செப்டம்பர், எல்லாம். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கும்போது, பிரெஞ்சு கலக்காமல் சொன்னாள்: "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. விளையாடின எனக்கு மட்டும் தெரியேல்லை."

நிலையத்துப் படியில் எனக்கு முன்னே டக்டக் என்று ஏறிப் போனாள். 

தம்பி அன்று தொலைபேசி எடுக்கவில்லை. திங்களும் எடுக்கவில்லை. கடைக்குப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை. லூயி-பிளாங் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கடை தெரியும் மூலை வரை போய்த் திரும்பி வந்தேன். அவனை நிறுத்தியிருப்பார்கள், கொந்திராவைக் கிழித்திருப்பார்கள், ஒன்பது வருடத்தை நான் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன் என்று மனதுக்குள் நூறு தரம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். தம்பி நின்றான். தோளில் கடை மா மூட்டையின் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. உள்ளே வரவில்லை. சப்பாத்தைக் கழற்றவும் இல்லை.

"நிப்பாட்டிப் போட்டாரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. செப்டம்பருக்கு வேண்டிய கடுதாசி எல்லாத்திலையும் இண்டைக்குத்தான் சைன் வைச்சுத் தந்தவர்." பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினான். என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் வந்து நின்ற மகளின் காலைப் பார்த்தான்.

"அடுத்த வருசம் விதியை மாத்துகினமாம். இடம்பெயர்ந்து படிச்சதும் கணக்கிலை சேருமாம்" என்றான். "முப்பத்தெட்டு இப்பவும் சரியோ எண்டு கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர்."