நைனா உடம்பு

என் மேசைமேல் இரண்டு வலது கைகள் அருகருகே கிடந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் நடுவில், ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தில் நான் நர்சாகச் சேர்ந்த புதிது. கோட்டைக்குப்பத்து அக்கா தங்கை இருவர். வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது ஒரே காலையில் இருவருக்கும் கெளுத்தி முள் குத்தியிருந்தது. புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். தங்கையின் இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மட்டும் நகரவில்லை. "நர்ஸம்மா, இவள பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு. எங்க நைனா இப்டி ஒரு முள்ளு குத்திதான் செத்தாரு. நான் அம்மா உடம்பு, எனக்கு ஒன்னும் ஆவாது. இவ நைனா உடம்பு."

நான் சிரித்துவிட்டேன். "ஒரே முள்ளு, ஒரே மருந்து. உடம்புல இன்னா வித்தியாசம்?" என்று அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்காவின் புண் ஆறியிருந்தது. தங்கையின் உடம்போ அனலாய்க் கொதித்தது, மூச்சு இரைத்தது. சன்னலுக்கு வெளியே ஏரி அலையில்லாமல் வெளுத்துக் கிடக்க, வானமும் தண்ணீரும் ஒன்றாகிவிட்ட அந்த வெண்மையைப் பார்த்தபடி, "பூநாரைங்கல்லாம் வூட்டுக்குள்ள வருது, கதவ மூடாத" என்று மெல்லச் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கே ஒரு கணம் இறகுகளின் ஓசை கேட்டது. பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. புகுந்த வீட்டார் குழந்தையைத் தீட்டு என்று ஒதுக்கினார்கள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பனிக்குள் நடப்பதுபோல் கழிந்தன. ஒரு நாள் அந்தக் குழந்தையை, வளர்ந்த பெண்ணாக, என்முன் நிறுத்தினாள் அக்கா. காலில் சிப்பி கிழித்த சின்னக் கீறல், சுற்றிலும் சிவப்பு. காய்ச்சல்கூட இல்லை.

"யார் உடம்பு?" என்றேன்.

"நைனா உடம்புதான்."

உடனே ஊசி போட்டேன். சென்னைக்கு நானே கூடப் போனேன். "இந்தக் கீறலுக்கா வந்தீங்க?" என்றார் மருத்துவர். அவளுடைய தாத்தாவும் அம்மாவும் போன கதையைச் சொன்னேன். முகம் மாறி, படுக்கை கொடுத்தார். அன்று மாலையே குளிர்க்காய்ச்சல் தூக்கியடித்தது. பத்தாம் நாள் பெண் நடந்து வீடு திரும்பினாள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஓர் இளம் மருத்துவர் விளக்கினார். கிருமி ஒன்றேயானாலும் அதை எதிர்க்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறாம். சிலருக்கு அந்த எதிர்ப்பே கட்டுமீறித் தன் உடம்பையே தாக்குமாம். அதில் பெற்றோர் வழி வரும் மரபணுவுக்கும் பங்கு உண்டாம்.

அக்காவைத் தேடிப் போய்ச் சொன்னேன். தலை நரைத்திருந்தவள், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த, தான் வளர்த்த பெண்ணின் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். "இதுல எது நைனா உடம்புனு பாத்து சொல்வாங்களா?"

"இன்னும் அப்படித் திட்டமாச் சொல்ல முடியாதாம்."

"அப்ப ரெண்டையும் தூக்கினு ஓட வேண்டியதுதான்" என்றாள்.