“இல்லையெண்டு போடுவம்”

கனடாவில், ஸ்காபரோவின் ஒரு பிளாசா மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஒருவருக்குத் தொழில், வேலை போய் அரசாங்கக் கொடுப்பனவு எடுப்பவர்களுக்காக, ‘இந்த இரண்டு வாரத்தில் வேலை செய்தீர்களா?’ என்று கேட்கும் அறிக்கைகளை ஒன்லைனில் நிரப்பி அனுப்புவது. நெற்றியில் சந்தனம், வாய் நிறைய மட்டன் ரோல். அதே எண்ணெய் விரல்களால்தான் கீபோர்ட்டையும் தட்டுவார். என் வரி வேலையாக நான் போயிருந்த அன்று, எனக்கு முன்னால் ஒரு பெண் அரசாங்கக் கடிதமும் கையுமாக நின்றாள்.

“பேக்கரியில மூண்டு நாள் வேலை செய்தனான் எண்டு அப்பவே சொன்னனே அண்ணை. ‘சம்பளம் இன்னும் கைக்கு வரேல்லைத்தானே, இல்லையெண்டு போடுவம்’ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப, காசு கூடுதலாத் தந்திட்டினமாம் எண்டு மாதாமாதம் கொடுப்பனவில வெட்டினம். வாடகைக்கே காணாது.”

சம்பளம் எப்போது வந்தாலும், வேலை செய்த வாரத்துக்கான அறிக்கையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இதுகூடத் தெரியாதா?

“அறிக்கை உங்கட பேரிலதானே போனது தங்கச்சி, நான் என்ன செய்ய?” என்று விரல்களைத் துடைத்தார். துடைத்தது அவளுடைய கடிதத்தில்.

“அப்பீல் ஒண்டு எழுதுவம். அதுக்கு வேற சார்ஜ்.”

அவள் கைப்பையைத் திறந்தாள். “யோசியாதேங்கோ, வடிவா எழுதித் தாறன்” என்று சிரித்தார், உடன்பிறந்தவர் போல. அந்தப் பாசம் நடிப்பாகவே தெரியவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.