குளிரறைச் சுவரில் ரூபி அக்கா பூசிய படலம்

ஸ்ரீவைகுண்டத்தில் வங்கி வரிசையில் நின்றிருந்தபோதுதான் ரூபி அக்காவின் மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சித்தி" என்றாள். வரிசையை விட்டு விலகி, வெளியே வெயிலில் வந்து நின்றுகொண்டேன். மறுநாள் நாசரேத்தில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, அவருடைய பழைய மாணவிகள் இருவர் என்னிடம் ஒன்று கேட்டார்கள். கல்லூரி ஆய்வகக் கதவை மிஸ் ஏன் ஒருநாளும் சாத்த விட்டதில்லை? உப்புக்காற்றில் தராசுகள் துருப்பிடித்தபோதும் அவர் சம்மதிக்கவில்லையே? அவர்களுக்கும், அவரிடம் படித்த உங்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ரூபி அக்கா கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இருவரும் ஒரே பெண்கள் விடுதியில் தங்கியிருந்தோம். எங்கள் குளிரறையில் ஒரு பக்கம் அடுக்கிய பெட்டிகளில் மட்டும் இறால் இளகிப்போனது. கதவருகே தொங்கிய வெப்பமானியோ எல்லாம் சரி என்றது. சாப்பாட்டு மேஜையில் அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"அது தொங்குத எடத்தத்தானளா அது சொல்லும். செவர் முழுக்கச் சொல்ல வைப்போமா?" என்றார்.

உடைந்த அக்ரிலிக் துண்டுகளைக் கரைத்து, அதில் ரோடமின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தைக் கலந்தார். குளிர் இயந்திரத்தை நிறுத்தி அறையைக் கழுவிய நாளில், சுவரின் அலுமினியத் தகட்டில் அதைப் பூசினார். காய்ந்ததும் மெல்லிய தோல்போல ஒட்டிக்கொண்டது. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் படலம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். குளிரில் ஒளி கூடும், சூட்டில் மங்கும். எங்கே மங்கித் தெரிகிறதோ அங்கே வெளிச்சூடு நுழைகிறது என்று அர்த்தம்.

அறை மறுபடி உறைந்ததும், கல்லூரியிலிருந்து கொண்டுவந்த, பேட்டரியில் எரியும் புற ஊதா விளக்கோடு உள்ளே போனோம். இருட்டு வேண்டுமென்பதால் வெளியே இருந்த அறை விளக்கின் சுவிட்சை நானே அணைத்துவிட்டு வந்தேன். விளக்கு அணைந்திருந்ததைப் பார்த்த யாரோ, உள்ளே ஆளில்லை என்று நினைத்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உள்ளிருந்து கதவைத் திறக்கும் தள்ளுகோல் பனி இறுகி அசையவில்லை. இருவரும் தோளால் மோதிப் பார்த்தோம். கத்தினோம். வெளியே ஓடிய இயந்திரத்தின் இரைச்சலில் எங்கள் சத்தம் யாருக்கும் எட்டவில்லை. இமைமயிரில் பனி பிடித்தது. நான் பெட்டிமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

"ஏளா கோமதி, எந்திரி. செவரப் பாரு" என்றார் அக்கா.

விளக்கைச் சுவர் நெடுகக் கொண்டுபோனார். தணல்போல ஒளிர்ந்த சுவரில், தரையை ஒட்டி ஓரிடம் மட்டும் கறுத்துக் கிடந்தது.

"அங்கனதான் சூடு வருது. உள்ள கெட்டியா ஒண்ணுமில்ல. அத ஒடைப்போம்."

பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியால் தகட்டை நெம்பினோம். கை மரத்து, கொக்கி நழுவி நழுவி விழுந்தது. தகடு கிழிந்ததும் ஈரமான தெர்மோகோல், அதற்குப் பின்னால் பழைய குழாய்த் துளையில் அடைத்த சாக்குத்துணி. அதைக் குத்தி வெளியே தள்ளியதும் பகல் வெளிச்சம் தெரிந்தது. இருவரும் மாறி மாறி அதில் வாயை வைத்துக் கத்தினோம். முற்றத்தில் தட்டு கழுவிய பெண்ணின் குரல் கேட்டது: "ஐயோ, செவத்துக்குள்ள யாரோ கூப்பிடுதாவ!"

கதவு திறந்தது. மேனேஜர் ஓடிவந்து முதலில் சுவரைத்தான் பார்த்தார். "இப்படி ஒடைச்சிப் போட்டிருக்கீகளே!"

"மொதல்ல தள்ளுகோல மாத்துங்க. செவரப் பத்திப் பொறவு பேசுவோம்" என்ற அக்கா, நடுக்கம் அடங்காமலே கதவை மறித்து உட்கார்ந்துகொண்டார். இறால் உரிக்கும் பெண்களும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புதுத் தள்ளுகோல் மாட்டும்வரை யாரும் எழவில்லை.

அதோடு அந்தப் படலத்தின் கதை முடிந்தது. மேனேஜர் அக்காவை மறுபடி உள்ளே விடவில்லை, சுவரையும் சுரண்டிவிட்டார்கள். அக்காதான் அந்த அறையிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. கதவு சாத்திய இடத்தில் அவருக்கு மூச்சுத் திணறும். பேருந்தில் வாசல் இருக்கை கிடைக்காவிட்டால் இறங்கிவிடுவார். தன் கல்யாணத்தன்றுகூட மணமகள் அறையின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சேலை கட்டினார். திரைபோலப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

வெகுகாலம் கழித்து அவரிடம் கேட்டேன்: "அன்னைக்கு ஒங்களுக்குப் பயமே இல்லியாக்கா?"

"இல்லாம? செத்தோம்னுதான் நெனச்சேன். நீ அழுதுட்டிருந்த. ரெண்டு பேரும் அழுதா செவரப் பாக்க யாரு இருக்கா?"

பிறகு என் மகன் நினைவின்றி மருத்துவமனையில் கிடந்தபோது, வீட்டார் எல்லோரும் அழ, மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ள நான் ஒருத்தி அழாமல் நின்றேன். அந்தப் பதில்தான் என்னை நிற்க வைத்தது. அக்காவின் பயம் அவரோடு போகட்டும். அந்தப் பதில் என்னிடம் இருக்கட்டும்.